அக்காவின் உடைந்த பல்லும் எங்கள் வெறுங்கைகளும்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஏதோ ஒரு வகையில் அக்காவை அறிந்தவர்கள். சிலர் அவர் விழுந்தபோது ஓடிவந்து தூக்கியவர்கள். சிலர் பார்த்துப் பயந்து விலகி நின்றவர்கள். அவர்கள்மேலும் எங்களுக்கு வருத்தமில்லை, பெற்ற தாய்க்கே என்ன செய்வதென்று வெகுகாலம் தெரியாமல்தான் இருந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அக்காதான். அவர் இருந்திருந்தால் இதையும் வாங்கிப் படித்து, ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, "ஏன்லே இவ்வளவு நீட்டுத" என்று கேட்டிருப்பார்.

அக்கா ஏரலில் பிறந்தார். அப்பா ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அக்கா நன்றாகப் படித்தார். எட்டாம் வகுப்பில் ஒருநாள், பள்ளியில் காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்றவர், வாழை சாய்ந்ததுபோல விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றார்கள். பாளையங்கோட்டையில் பெரிய மருத்துவரிடம் காட்டினோம். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அக்கா ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் வலிப்பு முழுதாக நிற்கவில்லை. மாதக்கணக்கில் வராமலிருக்கும். இனி வராது என்று அம்மா கோயிலுக்குப் போய்வந்த வாரமே வரும்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது வீட்டில் வைத்து ஒருமுறை வந்தது. அடுப்படியில் இருந்த அம்மா சத்தம் கேட்டு, கையில் இருந்த கரண்டியோடு ஓடிவந்தார். நாக்கைக் கடித்துத் துண்டாக்கிவிடுவாள், நாக்கு உள்ளே போய்த் தொண்டையை அடைத்துவிடும் என்றுதான் அம்மாவுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து அழுத்திப் பிடித்தார். வலிப்பு அடங்கியபோது அக்காவின் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, அம்மாவின் சேலையில் கிடந்தது.

அன்றிலிருந்து அக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினார். பேசும்போது மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வார். இந்த மலரின் அட்டையில் உள்ள படத்திலும் அவர் வாயை இறுக மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகமாக ஒரு படம் கிடைக்காதா என்று உறவினர் வீடுகளில் எல்லாம் கேட்டோம். எங்கும் இல்லை.

கல்லூரிப் படிப்பை முடித்து, கணினித் தட்டச்சும் கற்றுக்கொண்டு, பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். மனுவோடு வருகிறவர்களில் பலருக்கு அதில் எழுதியிருப்பது புரியாது. அக்கா அடித்துக் கொடுத்த பிறகு ஒருமுறை வாசித்துக் காட்டி, "இதத்தான சொல்லணும்னு நெனச்சீய?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அந்தக் கடைக்கு வந்தவர்கள் துக்கத்துக்கு வந்து சொல்லித்தான் இது எங்களுக்கே தெரியும்.

அந்த நாட்களில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே அம்மா சொல்லிவைத்திருந்தார்.

"பல்லு எப்படி ஒடஞ்சுதுன்னு கேட்டா, ஆத்துப் படித்துறையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுட்டி."

அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, கேலியாக அல்ல, இயல்பாகத்தான் கேட்டார். அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு வலிப்பு வரும் அத்தை. அதுல ஒடஞ்சது. மாத்திரை சாப்பிடுதேன்."

பிறகு அந்த அத்தை, "நல்ல பிள்ளை. உண்மையச் சொல்லிட்ட" என்று அக்காவின் தலையைத் தடவினார். போய்ச் சொல்லிவிடுகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லிவிடவில்லை. அம்மா அன்று அக்காவோடு பேசவில்லை. அப்பா மட்டும், "அவ சொன்னதுல என்ன தப்பு இருக்கு? தாலி கெட்டுன பொறவு தெரிஞ்சா மட்டும் வச்சுக் காப்பாத்தவா போறாவ?" என்றார். அதற்குப் பிறகு இரண்டொரு இடம் வந்தது. அக்கா எல்லோரிடமும் அதையே சொன்னார். பிறகு யாரும் வரவில்லை.

ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது ஏரல் பேருந்து நிலையத்திலேயே அக்கா விழுந்துவிட்டார். ஆள் வந்து சொல்லி நானும் அம்மாவும் ஓடினோம். அதற்குள் யாரோ ஒருவர், நல்ல மனதோடுதான், வண்டிச் சாவியைப் பல்லிடுக்கில் திணித்திருந்தார். ஏற்கெனவே உடைந்திருந்த பல்லுக்கு அடுத்த பல்லும் ஓரமாகத் தெறித்துவிட்டது. உடைந்த துண்டு தரையில் கிடந்தது. பேருந்துக்காக நின்றிருந்த ஒரு பெண், பல் மருத்துவம் படிக்கிறவராம், அதைக் குனிந்து எடுத்து என்னிடம் தந்தார்.

"இதத் தூரப் போட்டுராதீங்க. காயாம பால்ல போட்டுக் கொண்டுபோங்க. ஒட்டித் தருவாங்க."

டீக்கடை அண்ணாச்சி ஒரு கண்ணாடித் தம்ளரில் காய்ச்சாத பாலை ஊற்றிக்கொண்டு வந்தார். "பிடிலே. சிந்திராம கொண்டுபோ." காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பாளையங்கோட்டைப் பேருந்தின் நடத்துநர், அக்கா தெளிந்து எழுந்திருக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்தார். பின்னால் இருந்து யாரோ சத்தம் போட்டதற்கு, "நேரமாச்சுன்னா எறங்கி நடவே" என்றார். அக்கா அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு வர, நான் தம்ளரை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு பெண் பல் மருத்துவர். அந்தத் துண்டைச் சுத்தம் செய்து, பொருத்திப் பார்த்து, அது இருந்த இடத்திலேயே ஒட்டிவைத்தார். முன்பு பாதியாய் நின்ற பல்லையும் அதே நிறத்தில் பூச்சு வைத்துக் கட்டி முழுதாக்கினார். எல்லாம் முடிந்த பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இனிமே வலிப்பு வந்தா வாயில எதையும் வைக்காதீங்கம்மா. கரண்டி, சாவி, துணி, ஒண்ணும் வேண்டாம்."

"நாக்கக் கடிச்சிட்டான்னா?"

"கடிச்சா புண்ணாகும், ஆறிரும். நாக்கு உள்ள போய் அடைக்கவே அடைக்காது. ஆனா பல்லு ஒடஞ்சா திரும்ப வளராது. ஒடஞ்ச துண்டு மூச்சுக்குழல்ல போயிட்டா உயிருக்கே ஆபத்து."

"அப்ப நாங்க என்னதான் செய்ய?"

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கு அடியில மெத்துன்னு ஏதாவது கொடுங்க. பக்கத்துல கல்லு, பாத்திரம் கெடந்தா தள்ளிருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா. வேறு ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லமாட்டாரா என்று மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு இவ பல்ல ஒடச்சது நாந்தானா?"

வாயில் பஞ்சை வைத்திருந்த அக்கா, பேச முடியாமல் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். திரும்பி வரும்போது பேருந்தில் வைத்து, "ஒடச்சது கரண்டிம்மா. நீ எங்க ஒடச்ச? கரண்டியத் திட்டு" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அக்காவும் சிரித்தார், கையால் மறைக்காமல். அந்தச் சிரிப்பு அவரிடம் கொஞ்ச காலம் இருந்தது. அப்போது ஒரு படம் எடுத்துவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறை வலிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையைத் தூரத் தள்ளினார். அப்பா அக்காவை ஒருக்களித்துத் திருப்பினார். நான் தலைக்குக் கீழே சேலையை மடித்து வைத்தேன். செய்யவேண்டியது அதோடு முடிந்துவிட்டது. அக்காவின் பற்கள் ஒன்றோடொன்று நெரிபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அம்மா தம் இரு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் சேர்த்து இறுக்கிக்கொண்டார். விட்டால் அந்தக் கைகள் தாமாகப் போய் எதையாவது எடுத்துவிடும் என்று பயந்தவர் போல இருந்தார்.

"வந்திருட்டி… பைய வந்திரு… அம்மா இங்கனதான் இருக்கேன்."

அப்பா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழைத்தார் சுமந்த அந்தத் தோள்கள் குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன். வலிப்பு அடங்கி அக்கா கண்ணைத் திறந்ததும் அம்மா முதலில் அவர் உதட்டை விலக்கிப் பல்லைத்தான் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சும்மா இருப்பது அம்மாவுக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது. ஆனால் அதன்பிறகு எத்தனையோ முறை அப்படித்தான் இருந்தார்.

எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டோம். வாசற்படியின் கூரான விளிம்பைக் கொத்தனாரை வைத்து மழுக்கினோம். அக்காவுக்குப் பிடித்த முறுக்கும் சீடையும் வீட்டுக்குள் வருவது நின்றது. பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்க விடாமல் சாறு பிழிந்து கொடுத்தோம். "இது பொங்கலா, காய்ச்சக்காரி பத்தியமா?" என்று அக்கா கேட்பார், ஆனாலும் குடித்துவிடுவார்.

அப்படியும் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வலிப்பின்போது தாடை இறுகும் வேகத்தில் கடைவாய்ப் பற்களில் விரிசல் விட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோற்றைக் கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீர் என்று வலிக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். ஒரு பல்லில் விரிசல் மேலோடு நின்றிருந்ததால் மேலே கேப் என்கிற உறையைப் போட்டுக் காப்பாற்றினார் மருத்துவர். இன்னொன்று வேர்வரை பிளந்துவிட்டது. அதைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார். கழற்றி மாட்டும் பல் கட்டலாமா என்று அப்பா கேட்டதற்கு, வலிப்பு வரும்போது அது கழன்று தொண்டைக்குள் போய்விடும், இவருக்குக் கூடாது என்றுவிட்டார்.

பாலில் கொண்டுபோய் ஒட்டிய துண்டும் அடுத்தொரு விழுகையில் பெயர்ந்தது. மறுபடி ஒட்டினார்கள், மறுபடியும் பெயர்ந்தது. கடைசியில் வேர் சிகிச்சை செய்து அதற்கும் கேப் போட்டார் மருத்துவர். நாற்காலியை விட்டு எழுந்ததும் அக்கா கேட்டார்.

"இதுவும் ஒடையுமா டாக்டர்?"

"ஒடையாதுன்னு நான் சொல்ல முடியாதும்மா."

"சரி, ஒடையுத வரைக்கும் சிரிச்சுக்கிடுதேன்."

புதிதாக யாரிடமாவது பழகினால், பெயரைச் சொன்ன கையோடு அக்கா இதையும் சொல்லிவிடுவார்: "எனக்கு வலிப்பு வரும். நான் விழுந்தா பயப்படாதீங்க. வாயில மட்டும் எதையும் வச்சிராதீங்க." வெட்கப்படமாட்டார். கேட்டவர்கள்தாம் சங்கடப்பட்டுத் தலையைக் குனிவார்கள்.

சென்ற ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அம்மா காப்பியோடு எழுப்பப் போனார். அக்கா மெத்தையில் குப்புறப் படுத்திருந்தார். முகம் தலையணையில் புதைந்திருந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டது. வலிப்பு உள்ளவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் இப்படி நேர்வதுண்டு என்றார் வந்து பார்த்த மருத்துவர். பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அப்பா கேட்டார். "அதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். அக்கா விழுந்து அடிபடக் கூடாதென்று வீட்டையே மாற்றி வைத்திருந்தோம். அன்று அவர் எங்கும் விழவில்லை. ஒரு பல்லும் உடையவில்லை.

வாய்க்கரிசி போடும்போது அம்மா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "வேண்டாம். அவ வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்காவ" என்றார். பெரியம்மாதான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, "இது கடைசியா வைக்குததுளா. இனி அவளுக்கு வலிக்காது. வையி" என்றார். அம்மா நான்கு அரிசிமணிகளை உதட்டில் வைத்தார். உடனே அதைத் தம் விரலால் துடைத்தும் விட்டார். யாரும் தடுக்கவில்லை.

அக்காவின் பற்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, செய்தி கேட்டு வீடு தேடி வந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்த மருத்துவர் அம்மாவுக்கும், வண்டியை நிறுத்திவைத்த நடத்துநர் அவர்களுக்கும், டீக்கடை அண்ணாச்சிக்கும், அடிக்கடி விழுகிற பெண் என்று தெரிந்தும் வேலையைவிட்டு நிறுத்தாத கடை உரிமையாளருக்கும், எத்தனையோ முறை ஓடிவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும் அப்பா, அம்மா சார்பிலும் என் சார்பிலும் கைகூப்புகிறோம். அன்று பேருந்து நிலையத்தில் சாவியை வைத்த அந்த மனிதருக்கும் சேர்த்துத்தான். அவரும் காப்பாற்றத்தான் நினைத்தார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்கா போவதற்குச் சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டைச் சந்தையில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். கண் விழித்தபோது மீன் விற்க வந்த ஒரு கடற்கரைப் பெண்ணின் பக்கத்தில் கிடந்தாராம். அந்த அம்மா கூடையை வெயிலில் போட்டுவிட்டு, அக்காவின் கன்னத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் தம் வலது உள்ளங்கையைக் கொடுத்திருந்தார். அந்தக் கையின் பின்புறம் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததாம். "ஒண்ணுமில்ல மக்களே, பைய எந்தி" என்று சொல்லி, சேலையைச் சரிசெய்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்கா சொன்னது, "யம்மா, அவிய என் வாயில ஒண்ணுமே வைக்கல. சொல்லாமலே தெரிஞ்சிருக்கு" என்பதுதான்.

அவர் பெயரை அக்கா கேட்டு வைக்கவில்லை. பிறகு இரண்டு மூன்று முறை அதே இடத்தில் போய் நின்று பார்த்தார். அக்கா போன பிறகு நாங்களும் போய் விசாரித்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மலரில் ஒரு பிரதியை அவருக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார். வலது புறங்கையில் தழும்புள்ள மீன்கார அம்மா யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறோம்.

குடும்பத்தார் சார்பில்,
தம்பி
ஏரல்