வடகத்தில் விழுந்த மண்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் சம்பங்கியின் வடகத்துக்கு ஒரு பேர் இருந்தது. அவள் கணவன் இன்பராஜ் சுரங்கத்தில் ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தான். அவன் கூலி சோற்றுக்கும் வைத்தியத்துக்கும் சரியாகிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் துணிமணியும் வடகத்தை நம்பித்தான். பக்கத்து வீட்டு ரத்தினம்மா அவளுக்குக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து கூழ் காய்ச்சி, லைனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் வேட்டி விரித்து வடகம் பிழிவார்கள். சம்பங்கி ரயிலேறிப் பங்காருபேட்டைக்குப் போய்ச் செட்டியார் கடையில் சரக்கைப் போட்டு வருவாள். காய்கிற வடகத்துக்குக் காவல் ரத்தினம்மா.

அறுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதத்தில் செட்டியார் ஒரு கூடையைத் திருப்பித் தள்ளினார்.

"வாயில போட்டா நறநறங்குதும்மா. கடை வாசல்ல நின்னு என்னைத் திட்டறாங்க."

சம்பங்கி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். நிஜம்தான். அன்றைக்கு ரயிலில் வரும்போதே அவள் சந்தேகம் ரத்தினம்மாவிடம் போய் நின்றுவிட்டது. ரத்தினம்மாவின் தம்பி பெண்சாதி பக்கத்து ஊரான ஊரிகத்தில் புதிதாக வடகம் போட ஆரம்பித்திருந்தாள். இங்கே சரக்குக் கெட்டால் அங்கே வியாபாரம் ஏறும். வேறு யார் செய்வார்கள்?

அதற்கப்புறம் மாவைத் தன் வீட்டிலேயே பூட்டி வைத்தாள். இரண்டு தடவை சலித்தாள். கூழை ரத்தினம்மா கிளறும்போது கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியும் மண் போகவில்லை. குழாயடியில் பெண்களிடம் ஒரு வார்த்தை விட்டாள்: "அந்தக்காவுக்குக் கை சுத்தமில்ல." சொன்னது லைன் முழுக்கப் பரவியது.

ஒரு நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போவதுபோல் கிளம்பி, ஸ்டேஷன் வரை போகாமல் திரும்பி வந்து கக்கூஸ் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ரத்தினம்மா காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடகத்தைத் தொடவில்லை, மண்ணை அள்ளவில்லை. திடீரென்று காற்று அடித்தது. எதிரே சைனைட் மேடு. கல்லை மாவாக அரைத்து, சைனைட் கலந்து தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சுகிற தூளை அங்கேதான் மலையாகக் கொட்டுவார்கள். அந்த வருஷம் புதுத் தூளை லைனுக்குப் பக்கத்துச் சரிவில் கொட்டியிருந்தார்கள். அந்தச் சரிவிலிருந்து வெள்ளையாக ஒரு திரை எழும்பி வெளியை மூடிக்கொண்டு வந்தது. ரத்தினம்மா எழுந்து ஓடி, முந்தானையை அவிழ்த்து வடகத்தின் மேல் விரித்து, அதன் மேலேயே குப்புறப் படுத்துவிட்டாள். காற்று ஓய்ந்து எழுந்தபோது முடி, புருவம் எல்லாம் சாம்பல் பூத்திருந்தது. இருமி இருமிக் கீழே குந்தினாள்.

சம்பங்கி தன்னை மறந்து ஓடி வந்தாள். "அக்கா!"

ரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தாள். சம்பங்கியின் கையில் இருந்த கூடையைப் பார்த்தாள். "நீ ரயிலுக்குப் போவலியா?"

சம்பங்கி கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒளிஞ்சு நின்னு பாத்துகினு இருந்தியா? குழாயடியில நீ இன்னா சொன்னேன்னு எனக்கும் தெரியும். ஒண்ணும் கேக்காம இருந்தேன்." முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டாள். "இனிமே உன் மாவு உனக்கு."

அன்றோடு கூட்டு முறிந்தது.

சம்பங்கியின் சந்தேகம் மேட்டின் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் உறைக்காதது எல்லாம் இப்போது உறைத்தது. தண்ணீர்ப் பானையில் அடியில் படியும் மண். ஆடி வந்தால் பிள்ளைகளுக்கு நிற்காத இருமல், அதற்கு வாங்கும் மருந்து. துவைத்து உலர்த்திய துணியை மறுபடி துவைக்கிற சோப்பு. துரைமார் பங்களா எல்லாம் காற்று போகாத பக்கமே இருப்பது.

"அது வெறும் மண்ணுன்னு மேஸ்திரி சொல்றாரு," என்றான் இன்பராஜ்.

"வெறும் மண்ணுன்னா அவரு வீட்டாண்ட கொட்டச் சொல்லுங்க."

ஃபோர்மன் ஹரோல்ட் லைனைச் சுற்றிப் பார்க்க வந்தபோது வடகத் துணியை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"காத்துக்கு நான் இன்னாம்மா பண்ண முடியும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் இன்பராஜைச் சுரங்க ஆபீசுக்குக் கூப்பிட்டு, வீட்டில் பேச்சைக் குறைக்கச் சொல்லு என்றார்கள். வெறும் மண்ணைப் பற்றிப் பேசினதுக்கு எதற்கு இந்த மிரட்டல்? சம்பங்கிக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று.

பங்காருபேட்டையில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தாள். அங்கே வடகம் சுத்தமாகக் காய்ந்தது. செட்டியார் பழையபடி வாங்கிக்கொண்டார். ஆனால் வாடகையும் ரயில் காசும் போக மிஞ்சினது கொஞ்சம்தான். பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட அழைத்துப் போகவேண்டி வந்தது. இதை மட்டும் சம்பங்கியால் கடைசிவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஆடிக்குள் ரத்தினம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தப்பா நெனச்சிட்டேன்கா. குழாயடியிலயும் சொல்லிட்டேன், தப்பு என்னுதுன்னு. வாங்க, மாடியில காத்து சுத்தமா கீது."

ரத்தினம்மாவுக்கு இருமல் விடவில்லை. இருமி முடித்துத் தலையசைத்தாள். மறுநாளிலிருந்து ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனார்கள். வேலை பழையபடி நடந்தது. ஆனால் ரத்தினம்மா மாவுப் பானையைத் தனியாகத் திறக்கவே மாட்டாள். சம்பங்கி எங்கே இருந்தாலும் கூப்பிடுவாள்.

"வந்து நில்லு. நீ பாக்கறப்பதான் கை வைப்பேன்."