அன்று காற்று அடிக்கவில்லை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மேலண்ணனுக்கு இரண்டு சத்தங்கள் தாங்கவில்லை. ஒன்று, நெஞ்சுக்குள் புதிதாக வைத்திருந்த வால்வின் டிக் டிக். இன்னொன்று, பார்க்க வருகிறவர்களின் பாராட்டு. முதலாவது பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலண்ணன் என்பது கட்டட வேலையிடத்தில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் தரை. சாப்பாட்டுப் பாத்திரம்கூடக் கயிற்றில்தான் மேலே போகும். வீட்டுக்கு வந்தாலும் மனிதர் முழுக்க இறங்கிவருவதில்லை என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார்.

அப்படிப்பட்டவர் இப்போது தண்ணீர் நிறைந்த கெட்டிலைத் தூக்கக்கூடாது. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள். படுக்கையை விட்டு எழ வேண்டுமானால் பக்கவாட்டில் உருண்டுதான் எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். "என்னை இப்படிக் கட்டிப்பிடிச்சு எத்தனை வருஷமாச்சு! அந்தத் தலையணைக்கு வந்த யோகம்" என்று மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிக்கவும் பயம். சிரித்தாலும் வலிக்கும்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்து ஒரே கதையைச் சொன்னார்கள்.

"இரும்பு மனுஷன்யா! அவ்வளவு பெரிய காத்துலயே பாரத்தைப் பிடிச்சு நிறுத்தி ஏழு பேரைக் காப்பாத்தினவரு. இந்த ஆபரேஷன் எல்லாம் இவருக்கு எம்மாத்திரம்!"

மனைவி பெருமையோடு டீ கொடுத்தாள். மேலண்ணன் சுவரைப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது டிக் டிக் என்று ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டிருந்தது.

அன்று காற்றே அடிக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு மூன்று மாதம் முந்தைய ஒரு பகல். ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கிப் பல நாள் ஆகியிருந்தது. வயசாச்சு, வேறென்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அன்று கொக்கியில் இரண்டு டன் கம்பிக் கட்டு. அதை ஒன்பதாம் தளத்துக்குத் திருப்பும்போது கண் இருட்டியது. விழித்தபோது நெற்றி கேபின் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கை கைப்பிடியை விட்டிருந்தது. கையை விட்டால் கிரேன் தானாக நின்றுவிடும். ஆனால் தொங்குகிற பாரம் நிற்காது. அது போவதும் வருவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஏழு பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாக்கிடாக்கி அலறிக்கொண்டிருந்தது. "மேலண்ணே! மேலண்ணே! என்னாச்சு?"

கேட்டவன் விசில். பாரம் போகிற வழியைக் கொடி காட்டியும் விசில் ஊதியும் கீழேயிருந்து சொல்கிறவன் அவன்தான். அதனால்தான் அந்தப் பெயர்.

"காத்துப்பா. பெரிய காத்து அடிச்சுது" என்றார் மேலண்ணன்.

மேலே காற்று என்று மேலே இருப்பவன் சொன்னால், கீழே இருப்பவன் என்ன அளந்தா பார்க்க முடியும்? எல்லோரும் நம்பினார்கள். யார்மேலும் படாமல் பாரம் தானாக ஆடி அடங்கியதையும் அவர் பிடித்து நிறுத்தியதாகவே நினைத்தார்கள். மறுநாளே அது வீரக்கதையாகிவிட்டது.

ஆனால் மறுநாளிலிருந்து விசில் மாறிப்போனான். ஒவ்வொரு பாரத்துக்கும் கீழே இருக்கும் அத்தனை பேரையும் விரட்டிவிட்ட பிறகுதான் கொடியைத் தூக்கினான். முன்பு மணிக்குப் பத்து முறை தூக்கிய கிரேன் ஆறு முறைதான் தூக்கியது. யாரால் தாமதம் என்று என்ஜினியர் கேட்டார். மேலண்ணன் யோசிக்கவே இல்லை.

"கீழே விசில்தான் சார் இழுத்தடிக்கறான்."

அவனிடமிருந்து கொடியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு அனுப்பினார்கள். உள்ளே வருகிற லாரிகளின் எண்ணை எழுதுகிற வேலை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏணிக்கு இடையிடையே நிற்க வைத்திருக்கும் தட்டுகளில் மூன்றாவதில் மேலண்ணன் மூச்சு முட்டி விழுந்தார். வாசலிலிருந்து எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து ஏறியவன் விசில். தட்டிலிருந்து அவர் சரிந்துவிடாதபடி தன் இடுப்புப் பட்டையால் கம்பியோடு சேர்த்துக் கட்டி, தூக்குப் படுக்கை வரும்வரை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தவனும் அவன்தான். டாக்டர் பார்த்துவிட்டு, வால்வு சுருங்கி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும், முன்பே மயக்கம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்று அங்கேயும் ஒரு பொய்.

விசில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்தான். "இந்தத் தம்பிக்கு நாம என்ன கைம்மாறு செய்யப் போறோமோ" என்று மனைவி ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்தாள். மேலண்ணன் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்க முடியாமல் இருந்தார். முதல் இரண்டு ஞாயிறும் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் கிரேன் போய்விடும். என்ஜினியர் ஆஸ்பத்திரிக்கே வந்து, டாக்டர் சரி என்றால் அந்த சீட் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த சீட்டை விட்டால் தரையில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு மனைவி டீ போட உள்ளே போனாள். விசில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தான். மேலண்ணன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"டேய், அன்னைக்கு அடிச்சது காத்து இல்லடா."

"தெரியும்ணே" என்றான் விசில், அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டே.

"என்ன தெரியும்?"

"என் கையில கொடி இருந்துச்சே. துளிகூட அசையல. நீங்க காத்துன்னு சொன்னப்ப நான் கொடியைத்தான் பாத்தேன். இருபது எண்ணற வரைக்கும் நீங்க பேசல."

மேலண்ணனுக்கு இருமல் வந்தது. விசில் தலையணையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்தான். இருமி முடித்ததும் அவர் கேட்டார்.

"உன்னை வாசலுக்கு அனுப்ப வச்சது யாருன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியும்."

"கோவம் வரலையா?"

"வராம இருக்குமா? நானும் மனுஷன்தானே. ரெண்டு நாள் சோறு இறங்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா, எல்லாரையும் கூப்பிட்டு!"

விசில் தோலையெல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டான். "சொன்னா உங்களை இறக்கிடுவாங்க. அதனால வாயை மூடிக்கிட்டு ஆளுங்களை விரட்டினேன். வாசலுக்குப் போனதுக்கப்பறம் அதுவும் முடியல. ஒவ்வொரு பாரமும் மேல போறப்ப அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். ஏதாவது ஆகியிருந்தா? உங்க மேல பாதி, என் மேல பாதி. நானும் யோக்கியன் இல்லண்ணே."

மேலண்ணன் பக்கவாட்டில் உருண்டு, கட்டில் சட்டத்தைப் பிடிக்காமல், சொல்லிக்கொடுத்தபடியே எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த போனை எடு."

என்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மயக்கம், காற்று என்ற பொய், விசில் மேல் போட்ட பழி, டாக்டரிடம் மறைத்தது. எல்லாம் கேட்டுவிட்டு என்ஜினியர் சொன்னார்.

"இதை நான் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியாகணும். உங்களை இனிமே கிரேன்ல ஏத்த முடியாது. புரியுதில்ல?"

"புரியுது சார். அவன் கொடியை அவன்கிட்ட குடுத்துடுங்க. கேபின் சாவியை நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

திரும்பியபோது மனைவி டீ தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏழு பேரு" என்றாள். "அதை வீரம்னு நம்பி நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேன்."

அன்று அவள் அதற்குமேல் பேசவில்லை. ஆறு மணிக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் தண்ணீரையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேச்சில்லாத வீட்டில் டிக் டிக் நன்றாகவே கேட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. நான்காம் நாள் அவளே வந்து நடைப்பயிற்சிக்குச் செருப்பை எடுத்து வைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

தினமும் ஐந்து நிமிடம் கூட்டி நடக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் தெருமுனை, பிறகு மருந்துக் கடை, பிறகு பாலம். ஏழாவது வாரம் வேலையிடம்வரை நடக்க முடிந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். காவலாளி கொடுத்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், என்ஜினியர் மேசையில் சாவியை வைத்தார். அது ஒரு நிமிட வேலையாக இருந்தது.

வெளியே வந்தவர் பழக்கதோஷத்தில் அண்ணாந்து கேபினைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். காதைக் கிழிக்கிற மாதிரி விசில் சத்தம்.

"அண்ணே! அங்க என்ன வேடிக்கை? தள்ளுங்க, சுவர் பக்கம் போங்க!"

கொடியோடு நின்ற விசில் முகத்தில் சிரிப்பே இல்லை. மேலண்ணன் அவசரமாகச் சுவரோரம் ஒதுங்கினார். அங்கே கம்பி கட்டுகிறவர்கள் ஏற்கெனவே ஒதுங்கி நின்றார்கள். அவர் நின்ற இடத்தின்மேல் ஒரு கம்பிக் கட்டின் நிழல் மெதுவாக ஊர்ந்து போனது. மேலிருந்து பார்த்தபோது இவர்கள் வெறும் மஞ்சள் தொப்பிகள். இப்போது தொப்பிக்குக் கீழே முகங்கள் இருந்தன. ஒருவனுக்கு முன்பல் இல்லை. ஒருவன் மூக்கில் சிமென்ட் ஒட்டியிருந்தது.

முன்பல் இல்லாதவன் முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேலண்ணே! நல்லாயிட்டீங்களா? அன்னைக்கு அந்தக் காத்துல நாங்க ஏழு பேரும் கீழதான் இருந்தோம். நேர்ல பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். என் பிள்ளைங்களுக்கு அப்பன் இருக்கறதே உங்களாலதான்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்ஜினியர் மேலிடத்துக்கு எழுதிய தாள் இவர்கள் கண்ணில் படப்போவதில்லை.

"அன்னைக்குக் காத்தே அடிக்கலப்பா" என்றார் மேலண்ணன். "எனக்கு மயக்கம் வந்துச்சு. அதை மறைச்சுட்டு அப்பறமும் ரெண்டு மாசம் உங்க தலைக்கு மேல ஓட்டினேன்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனது. பிடித்திருந்த கையை விட்டான். பாரம் இறங்கி, விசில் இரண்டு முறை ஊதியதும், மற்ற ஆறு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். அவன் மட்டும் அண்ணாந்து கேபினைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.