ரிட்டர்னில் எழுதிய ஊனம்

ஜூலை பிறந்தால் கோபால்சாமி மலையேறி வந்துவிடுவார். ஆலங்காயத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். லேப்டாப்போடு நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஆசிரியர்கள், வனக்காவலர்கள், துணை சுகாதார நிலையத்து நர்ஸ் செந்தாமரை என்று பதினைந்து பேர். ஃபாரம் பதினாறையும் வீட்டார் ஆதார் நகலையும் கொடுத்து, போனில் வரும் ஓடிபியைச் சொன்னால் வேலை முடிந்தது. சம்பளத்தில் பிடித்த வரியில் பெரும்பகுதி இரண்டு மாதத்தில் வங்கிக்குத் திரும்பும். அதில் அவருக்கு ஒரு பங்கு. எப்படித் திரும்புகிறது என்று யாரும் கேட்டதில்லை. செந்தாமரையும் கேட்டதில்லை.

இந்த வருடம் அவர் வரவில்லை. ரிட்டர்ன் போடும் கடைசித் தேதியைச் செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டும் போயிற்று. அவர் போன் அணைந்தே கிடந்தது. தடுப்பூசி போடும் புதன்கிழமை ஒன்றில், வரித்துறையிலிருந்து செந்தாமரைக்குக் குறுஞ்செய்தி வந்தது. முந்தைய வருடங்களில் காட்டிய வரிக் கழிவுகளைச் சரிபார்த்து, தவறிருந்தால் தாங்களாகவே திருத்திக்கொள்ளவும். மடியில் குழந்தையோடு ஒரு பெண் எதிரே காத்திருந்தாள். செந்தாமரை அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தாள்.

ஆசிரியர் சதீஸ்குமாருக்கும் அதே செய்தி வந்திருந்தது. அவர் அப்போதே அழித்துவிட்டாராம்.

"கிளறாதீங்க சிஸ்டர். நாம கம்முனு இருந்தா அதுவும் கம்முனு இருக்கும்."

அவளால் கம்மென்று இருக்க முடியவில்லை. ரிட்டர்னை இந்த முறை தானே போட்டுவிடலாம் என்று காகிதங்களை எடுத்துக்கொண்டு, மறுநாள் கணவன் இளவழகன் ஓட்டும் ஷேர் ஜீப்பிலேயே ஆலங்காயம் இறங்கினாள். பேங்க் வேலை என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பி.காம். முடித்த ஃபிஜா தன் வீட்டு முன்னறையில் இந்த வேலைகளைச் செய்து கொடுத்துவந்தாள். வரித்துறை இணையதளத்தில் கணக்கைத் திறந்ததுமே, பதிவாகியிருந்த மெயில் செந்தாமரையுடையது அல்ல, கோபால்சாமியுடையது என்று தெரிந்தது. ஆதார் ஓடிபி வாங்கி பாஸ்வேர்டை மாற்றி, போன வருட ரிட்டர்னை இறக்கினாள். கீழே நகர்த்திக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரருக்கு இன்னா உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லியே. வெளிய ஸ்டாண்டுலதான் நிக்கிறாரு."

ஃபிஜா திரையைத் திருப்பினாள். சார்ந்திருப்பவர்: கணவர். ஊனத்தின் தன்மை: கடுமையானது. பக்கத்தில் இளவழகனின் ஆதார் எண். ஏதோ ஒரு சான்றிதழின் எண்ணும் இருந்தது. அதற்கு முந்தைய வருடத்திலும் அதே கழிவு. ஜன்னல் வழியே பார்த்தால் இளவழகன் ஜீப் பம்பரில் ஏறி நின்று, கூரைமேல் சாமை மூட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஃபிஜா பொறுமையாக விளக்கினாள். ஊனமுற்றவரைப் பராமரிப்பதாகக் காட்டித்தான் கோபால்சாமி வரியைத் திரும்ப வாங்கியிருக்கிறார். இந்த வருடத்தைச் சரியாகப் போடலாம். பழைய இரண்டு வருடத்துக்கும் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வந்த பணத்தைத் தண்டத்தோடு கட்டலாம். கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று செந்தாமரை கேட்டாள்.

"பணத்தோட போய்டும்னு என்னால சொல்ல முடியாதுக்கா."

மலையேறும்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் மேலிருந்த அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் பன்னிரண்டு பேர். பள்ளத்துப் பக்கம் சக்கரம் ஒதுங்கும்போதெல்லாம் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்தப் பாதையில் அவள் பயந்ததே இல்லை. எல்லாரும் இறங்கிய பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவன் இன்ஜினை அணைத்தான்.

"அப்ப சர்க்கார் கணக்குல நான் கையில்லாதவனா, காலில்லாதவனா?"

"அது போடலங்க. கடுமையானதுன்னு மட்டும் போட்டிருக்கு."

மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கோபால்சாமி. குரலில் அதே பழைய மரியாதை.

"நர்சம்மா, பாஸ்வேர்டை மாத்திட்டீங்க போல. எனக்கு மெயில் வந்துச்சி."

இந்த வருடத்து ரிட்டர்னை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், பழசைத் தொட வேண்டாம் என்றார். ஒரே மெயிலில் பதினைந்து பேர் இருக்கிறார்கள், ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும் என்றார். பிறகு விசாரிப்பதுபோல் மெல்லக் கேட்டார்.

"வூட்டுக்காரர் இன்னிக்கும் ரெண்டு ட்ரிப் அடிச்சாராமே? ஊனமானவர் ஆளேத்தி ஓட்டுறாருன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல யாராச்சும் ஒரு மனு போட்டா, உங்க ஓடிபியில போன பேப்பர்தானே நர்சம்மா சாட்சி?"

போனை வைத்த பிறகும் அவள் காதில் அந்த மரியாதைதான் நின்றது. அதட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இளவழகனிடம் ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னாள். அவன் லைசென்ஸை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"போட்டுரு. நான் எப்பிடி இருக்கேனோ அப்பிடியே எழுது."

பணம் கட்டச் செந்தாமரையின் சங்கிலியை அடகு வைத்தார்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் மூன்று வருடத்தையும் ஃபிஜா போட்டு முடித்தாள்.

இரண்டு வாரத்தில் போக்குவரத்து அலுவலகக் கடிதம் வந்தது. மனு கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. உடல் தகுதிச் சான்று கொண்டுவரும்வரை ஆள் ஏற்றி ஓட்டக்கூடாது என்றிருந்தது. ஜீப் வாசலில் நின்றது. மழையில் ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். இளவழகன் கண்ணையும் கையையும் காலையும் டாக்டர்களிடம் காட்டிவிட்டு வர ஐம்பது நாள் ஆயிற்று. ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். திருத்திய ரிட்டர்னின் நகலும் கையில் இருந்ததால் லைசென்ஸ் தப்பியது.

அதற்குள் மற்றவர்களுக்கும் நோட்டீஸ் வரத் தொடங்கியிருந்தது. செந்தாமரையைக் கண்டால் ஆசிரியர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு காலையில் சதீஸ்குமார் மகள் கவியாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். நான்கு வயது. மூன்று கிலோவோடு செந்தாமரையின் கையில் பிறந்த பெண். நோட்டீஸில் கவியாவுக்குக் கடுமையான ஊனம் என்றிருந்தது. பிறந்ததிலிருந்தே வைத்தியம் நடப்பதாகப் சுகாதார நிலையத்துப் பழைய ரெஜிஸ்டரில் செந்தாமரை ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கோபால்சாமி சொல்லி அனுப்பியிருந்தார். கவியா எடை மிஷின்மேல் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

"எழுத மாட்டேன் சார். இந்தப் புள்ளைய வெச்சிக்கினு எப்பிடி எழுதுவேன்?"

"நீங்க தப்பிச்சிட்டீங்க சிஸ்டர். மீதி பதினாலு குடும்பமும் இந்த மலையிலதான் இருக்கு. நீங்களும் இங்கதான இருக்கணும்?"

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடச் சுவரோரம் இன்னும் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் போய்ச் சொன்னதும் எல்லாரும் ஒரே சமயத்தில் சுகாதார நிலையத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வேலூருக்கு வந்து கோபால்சாமியைப் பற்றி வாக்குமூலம் தரும்படி செந்தாமரைக்கு வரித்துறையின் கடிதம் வந்திருக்கிறது. போவதாகத்தான் இருக்கிறாள். ஜீப் மறுபடி ஓடுகிறது. அந்தப் பதினாலு குடும்பமும் அவர்கள் ஆட்களும் அதில் ஏறுவதில்லை. முன்பு பன்னிரண்டு பேர் ஏறிய வண்டியில் இப்போது மூன்று பேர், சில நாள் இரண்டு பேர். இளவழகன் தினமும் கிளம்புமுன் கீழே குனிந்து பிரேக் குழாயைத் தடவிப் பார்க்கிறான். எதற்கு என்று அவளும் கேட்பதில்லை.