பூனை வீட்டுக்குப் பேர் வைத்தவர்

மடவளையிலிருந்து நஸீமா போன் எடுத்தபோது நான் நாவலப்பிட்டியில் என் தச்சுக் கடையில், யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு அலுமாரிக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ராமையா அண்ணே, நம்ம மிஸ் மௌத்தாயிட்டாங்களாம்" என்றாள். இறந்தது எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் மிஸ் என்றால் நாகேஸ்வரி மிஸ் ஒருவர்தான். போனை வைத்துவிட்டு அந்தக் கதவைச் சரி செய்து முடித்தேன். அழுகை வரவில்லை. இவருக்கு என்ன அவசரம் என்று கோபம்தான் வந்தது.

அவரைப் பற்றி எழுதுங்கள் என்று பட்டறையில் கூட இருந்தவர்கள் கேட்டார்கள். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. ஆனாலும் எழுதவேண்டியவன் நான்தான். அவர் ஒரு நாள் பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால், இன்று நான் இருக்கிறேனா இல்லையா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் வெளிநாட்டுப் பூனைகளுக்கு வீடு செய்தோம். ரப்பர் மரத்தில் ஒரு பீடம், தும்புக் கயிறு சுற்றிய இரண்டு தூண், மேலே பூனை புகுந்து படுக்க ஒரு பெட்டி. மரவேலை என்னுடையது. கயிறு சுற்றுவது நஸீமாவும் மற்றப் பெண்களும். நம் நாட்டில் மனிதரின் வீடுகளே எரிந்துகொண்டிருந்த காலத்தில் நாங்கள் பூனைக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வேலைக்கு வந்து இங்கேயே நின்றுவிட்டவர். கல்யாணம் செய்யவில்லை. ஏற்றுமதிக் கடதாசிகள் எல்லாம் அவர் பொறுப்பு. கப்பலில் போகும் எந்தச் சாமானுக்கும் சுங்கத்தில் ஒரு பெயரும் ஒரு இலக்கமும் உண்டு. அது பிழைத்தால் அங்கே துறைமுகத்தில் சாமான் கிடந்து புழுங்கும். முதல் பூனை வீட்டைச் செய்து முடித்த அன்று மிஸ் தானே பட்டறைக்கு இறங்கி வந்தார். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"உது என்ன, ராமையா?"

"பூனைக்குத் தளபாடம் மிஸ். வாங்குறவங்க கடதாசியிலயே அப்பிடித்தானே போட்டிருக்கு."

"அவையள் விக்கிறதுக்கு எதையும் போடுவினம். மனிசர் பாவிக்கச் செய்தால்தான் தளபாடம். மிருகத்துக்குச் செய்தால், என்னத்தால செய்ததோ அதுதான் அது. இது மரச் சாமான்."

சுங்கப் புத்தகத்தில் தளபாடம் என்றால் தொண்ணூற்று நாலாம் அத்தியாயம், மரம் என்றால் நாற்பத்து நாலு. அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடமாகிவிட்டது. பிறகு நாய்க்கு மெத்தை தைக்கும் ஓடர் வந்தது. மெத்தை மட்டும் தொண்ணூற்று நாலுக்குள் போகும் என்றார். ஏன் மிஸ், நாய் மனிசரா என்று கேட்டேன். "மெத்தைக்கு அங்க தனி இடம் இருக்கு. ஆர் படுத்தாலும் மெத்தை மெத்தைதான்" என்றார். நாய் கொடுத்துவைத்தது, பூனைக்குத்தான் விதியில்லை என்று நஸீமா சொன்னாள். அன்றைக்கு மிஸ் சிரித்ததைப் பார்த்தேன். அவர் அடிக்கடி சிரிக்கும் ஆள் இல்லை.

தளபாடம் என்ற சொல்லைக் கண்டால் கொழும்பில் கண்ணை மூடிக்கொண்டு தொண்ணூற்று நாலில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் எங்கள் கடதாசி எதிலும் அந்தச் சொல் வராது. பூனை என்ற சொல்லும் வராது. 'மரத்தாலான ஏனைய பொருட்கள்.' அவ்வளவுதான்.

சுங்கத்தில் மாதிரியைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பிரித்துக் கட்டிய ஒரு பூனை வீட்டோடு நான் கொழும்பு பஸ் ஏறினேன். மனைவி மாசமாக இருந்தாள். போக வேண்டாம் என்றாள். காலையில் போய்ப் பொழுதோடு வந்துவிடுவேன் என்றேன். கடுகண்ணாவை இறக்கம் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் கட்டை அவிழ்த்தார்கள். பாரம் குறையட்டும் என்று நான் தூண்களை உள்ளே கோறையாகத்தான் செய்வேன். ஒரு சிப்பாய் தட்டிப் பார்த்தான். டொக் டொக் என்றது.

இது என்ன என்று கேட்டார்கள். "பூனைக்குக் கதிரை மாதிரி, சேர்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கடதாசியை வாங்கிப் பார்த்தார்கள். அதில் கதிரையும் இல்லை, பூனையும் இல்லை. எதையும் உள்ளே ஒளிக்கக்கூடிய கோறைத் தூண், பொருந்தாத கடதாசி, தமிழன். வேறென்ன வேண்டும்? பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. பொலிஸ் நிலையத்தில் வாங்கில் உட்காரவைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி உட்காரவைக்கப்பட்ட எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. பிறக்கப்போகும் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மனமுள்ள ஒரு சார்ஜன்ட் பட்டறைக்குப் போன் எடுத்தார். முதலாளி வெளிநாட்டில். மற்றவர்கள் லோயரைத் தேடலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்களாம். மிஸ் குடையை எடுத்துக்கொண்டு, "நான் வாறன் எண்டு சொல்லுங்கோ" என்று பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார். நஸீமா பிறகு சொன்னாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாளாம். "விடும் பிள்ளை" என்றாராம்.

நிலையத்துக்குள் வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. நேரே இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போனார். கேட்கும் முன்னே தன் அடையாள அட்டையை எடுத்து வைத்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். கண்டியில் அதைக் காட்டவேண்டி வருமே என்று கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகாதவர் அவர். இவரும் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"கடதாசி மரச் சாமான் என்கிறது. இவன் கதிரை என்கிறான். யார் பொய் சொல்வது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மிஸ் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்றார் மிஸ். பக்கத்துக் கதிரையில் அந்த நிலையத்துப் பூனை ஒன்று சுருண்டு கிடந்தது. அதைக் காட்டினார். அந்தக் கதிரையில் பூனை படுத்தாலும் அது உங்கள் கதிரைதான் ஐயா, உங்களுக்காகச் செய்தது. அதனால் அது தளபாடம். இது பூனைக்காகச் செய்தது, இதில் நீங்களே ஏறி உட்கார்ந்தாலும் இது மரச் சாமான்தான் என்றார்.

சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மரம் அறுக்கும் வாளைக் கொண்டுவரச் சொன்னார். என் கண் முன்னால் இரண்டு தூணையும் அறுத்தார்கள். உள்ளே மரத்தூளைத் தவிர ஒன்றுமில்லை. என்னைப் போகச் சொன்னார்கள். மிஸ்ஸைப் போகவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண், கண்டியில் தனியாக என்ன செய்கிறாள், விசாரிக்கவேண்டும் என்றார்கள்.

நான் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையிலேயே கிடந்தேன். மறுநாள் மத்தியானம்தான் அவரை விட்டார்கள். உள்ளே என்ன கேட்டார்கள், எப்படி வைத்திருந்தார்கள் என்று சாகும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சேலை கசங்கியிருந்தது. குடை கையில் இல்லை. என்னைக் கண்டதும், "சாப்பிட்டீங்களோ?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்கென்ன பைத்தியமா மிஸ்? நான் இந்தப் பக்கத்து ஆளு, எப்பிடியாவது தப்பிச்சிருப்பேன். நீங்க அந்த ஐடென்டியை வச்சிக்கிட்டு இங்க வரலாமா?" என்று நடுரோட்டில் சத்தம் போட்டேன். போட்டுக்கொண்டே அழுதேன்.

"அந்தச் சாமானுக்குப் பேர் வைச்சது நானெல்லோ" என்றார். "நீங்கள் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான். கேள்வி வந்தால் வேற ஆர் வாறது?"

கண்டி பஸ் வந்தது. ஏறினோம்.

அடுத்த கிழமை அவர் கடதாசியை மாற்றினார். இலக்கத்தை இல்லை, அதே நாற்பத்து நாலுதான். 'பூனைகள் பாவிப்பதற்கு' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தார். சுங்கமும் கடைசியில் அதை ஏற்றுக்கொண்டது. என் மகள் பிறந்தாள். அப்பன் உயிரோடு வீட்டில் இருக்கப் பிறந்தாள். மிஸ் வந்து பார்த்துவிட்டு, மூக்கு தாயைப் போல என்று சொல்லிப்போனார்.

கண்டி மகியாவைச் சுடலையில் மிஸ்ஸின் தகனம். அதிகம் பேர் இல்லை. நஸீமா மதிலுக்கு வெளியே நின்று அழுதாள்.

இன்று ஊரில் நானும் ஒரு பெரிய மனிதன். பிணை நிற்க, சிபாரிசுக்கு, பிள்ளைகளின் வேலைக்கு என்று கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். பேனாவை வாங்கி என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன். இந்தக் கடதாசியைக் கொண்டுபோகிறவனை நாளைக்கு எங்கேயாவது உட்காரவைத்தால், நான் பஸ் ஏறிப் போவேனா? போவேன் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், கோபிக்கட்டும். மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.