அப்பாவின் சிரிப்பு

"என்ர கையை ஒருத்தரும் பிடிக்கேல்லை அம்மா, ஊத்தையாம்" என்று கிண்டர்கார்டனிலிருந்து வந்த மகன் சிரித்தபடி சொன்னான். என் அப்பாவின் அதே சிரிப்பு.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. கறுத்த ஆட்களுக்கு வீடு தரமாட்டேன் என்ற ஜெர்மனியின் ஹம் நகர வீட்டுக்காரர்மீது அப்பா வழக்குப் போட்டிருந்தார். ஈர மேலங்கிகள் மணக்கும் நீதிமன்ற அறையில், நடந்ததைச் சிரித்தபடியே சொன்னார்.

"இது உங்களுக்கு வேடிக்கையா?" என்றார் நீதிபதி.

இப்படிப்பட்ட வழக்குகளையே தேடி எடுக்கும் எங்கள் ஜெர்மன் பெண் லோயர் எழுந்தார். "தன் தம்பி இலங்கைப் போரில் செத்ததைச் சொன்னபோதும் இவர் இப்படித்தான் சிரித்தார்."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். வழக்கில் வென்றோம்.

திரும்பும் ரயிலில் அப்பா என்னிடம் கேட்டார். "வெண்டது சரி. தம்பியின்ர சாவை ஏன் பிள்ளை அவ அங்கை இழுத்தவ?"

"அதாலதானே வெண்டனீங்கள்" என்றார் பக்கத்தில் இருந்த என் அம்மா. அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார் சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. மகன் சொன்னதைக் கேட்டு இருப்புக் கொள்ளாமல் அவன் ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவன் சிரித்துக்கொண்டுதானே நின்றான்?" என்றார் அவர்.

அப்பாவிடம் கேட்காமலே, "என் அப்பாவும் அப்படித்தான்" என்று தொடங்கினேன்.