மூன்றாம் தூணுக்குப் போகும் வழி

கொன்னைப்பட்டிப் பாலத்துக்கு நான்கு தூண்கள். இருபத்திரண்டு வருடமாக அதிகாரிகள் பார்த்தது அதில் ஒன்றே ஒன்றைத்தான். அது மூன்றாம் தூண். அதைப் பார்க்கவைத்த பெருமை சாலைப் பணியாளர் சோணைமுத்துவையே சேரும்.

சமயநல்லூரைத் தாண்டி மேற்கே போகிற சாலையில், ஓர் ஓடைக்கு மேலே நிற்கிறது அந்தப் பாலம். ஓடையில் தண்ணீர் ஓடுவது வருடத்தில் பத்து நாள். மீதி நாளெல்லாம் சீமைக்கருவேலம்தான். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை நெடுஞ்சாலைத் துறையிலிருந்து பாலத்தைச் சோதிக்க வருவார்கள். மேலே நின்றால் ரோடுதான் தெரியும், பாலம் தெரியாது. கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முள்ளை வெட்டி வழி விட வேண்டும். அது சோணைமுத்துவின் வேலை.

சேர்ந்த முதல் வருடமே ரோடு இன்ஸ்பெக்டர் முத்துப்பாண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மூணாந்தூணு பக்கமா மட்டும் வெட்டு மாப்ள. அதுதான் பாக்க லட்சணமா இருக்கு. வர்றவுக மனசு நோகக் கூடாதுல்ல."

அன்றிலிருந்து சோணைமுத்து ஓர் ஆள் போகிற அகலத்துக்கு, கல்லும் முள்ளும் இல்லாமல், மாப்பிள்ளை அழைப்புக்குப் போடுவதுபோல வழி போட்டார். தூணுக்குச் சுண்ணாம்பும் அடித்துவைத்தார். வந்த பொறியாளர்கள் எல்லோரும் அந்த வழியே இறங்கினார்கள், மூன்றாம் தூணைத் தட்டிப் பார்த்தார்கள், "நன்று" என்று எழுதினார்கள், இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். வழியை விட்டு ஓர் அடி விலகிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், எல்லோரும் நல்ல ஷூ போட்டவர்கள்.

சோணைமுத்துவுக்கு இதில் உறுத்தல் இருந்ததா என்றால், சத்தியமாக இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "நம்ம பாலம் என்னைக்கும் நன்றுதான்" என்று பெருமை பேசுகிற ஆள் அவர்.

போன ஐப்பசியில் ஓடை மூன்று நாள் இரு கரையும் தொட்டு ஓடியது. வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் வீட்டு ஆட்டைக் காணோம். தேடிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தவர், வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாம் தூணுக்கு எதிரே போய் நின்றார். ஆடு அங்கேதான் இருந்தது, தூணுக்கு அடியில். அடியில் என்றால் நிஜமாகவே அடியில். அஸ்திவாரத்துக்குக் கீழே இருந்த மண்ணை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருக்க, தூணில் பாதி அந்தரத்தில் நின்றது. அந்தப் பொந்துக்குள் ஆடு சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அப்போது மேலே ஏழே முக்கால் பஸ் போனது. ஆட்டின் முதுகில் சிமெண்ட் பொடி உதிர்ந்தது. சோணைமுத்து ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. மதுரை ஆரப்பாளையம் போகிற அந்த பஸ்ஸில் அவர் மகள் பவதாரிணி காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆட்டைக் காப்பாற்றிவிட்டார், மகளை அல்ல.

முத்துப்பாண்டியிடம் சொன்னார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னை யாருய்யா அங்கிட்டுப் போகச் சொன்னது?"

பவதாரிணி துறைக்கு அழகாக ஒரு மனு எழுதிக்கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி பாலம் உரிய காலத்தில் கள ஆய்வு செய்யப்பட்டு நல்ல நிலையில் உள்ளதாகக் கண்டறியப்பட்டுள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. மகள் சத்தமாகப் படித்தாள்.

"யாருப்பா இவுகளுக்குப் பாலத்தைக் காட்டுனது?"

சோணைமுத்து எழுந்துபோய் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார்.

தை மாதச் சோதனை வந்தது. சோணைமுத்து அரிவாளை எடுத்துக்கொண்டு போய், இரண்டாம் தூணுக்கு வழி வெட்டினார். மூன்றாம் தூண் பக்கம் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. புதிதாக வந்திருந்த பொறியாளர் சூரியபிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டே வழியில் இறங்கினார். தூணுக்கு முன்னால் நின்று, வழக்கப்படி படம் பிடித்து, வழக்கப்படி துறையின் செயலியில் ஏற்றினார். ஏற்றிய பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னங்க இது?"

முத்துப்பாண்டி முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டாந்தூணுங்க சார். நாங்களும் இப்பத்தான் பாக்குறோம்."

ஏற்றிய படத்தை இறக்க அந்தச் செயலியில் வசதி கிடையாது. அதனால் துறை வேறு வழியில்லாமல் நடவடிக்கையில் இறங்கியது. சீர்செய்ய மதிப்பீடு தயாராகி மேலே போனது. போனது போனதுதான். கீழே வந்தது ஒரு போர்டு. "பாலம் பலவீனமாக உள்ளது. கனரக வாகனங்கள் செல்லத் தடை." அதை நட்டவரும் சோணைமுத்துதான்.

போர்டை மதித்தது பஸ் மட்டும்தான். எம்-சாண்ட் லாரிகள் முன்னைவிட வேகமாகப் போயின, விழுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரமோ என்னவோ. கொன்னைப்பட்டிக்காரர்கள் பாலத்துக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லோரும் திட்டியது துறையை அல்ல, சோணைமுத்துவை. வீட்டிலும் விடவில்லை.

"பாலம் ஒடைஞ்சாத்தான் நடக்கணும். நீ ஒடையாமலே நடக்க வச்சுட்டியே" என்றார் மனைவி பாண்டியம்மாள்.

ஆடியில் அடுத்த சோதனை. சூரியபிரகாஷுக்கு அதற்குள் மாறுதல் ஆகியிருந்தது. சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஊரில் உரக்கடை வைத்திருக்கும் அசோக்குமார் பத்துப் பேரோடு வந்தார்.

"அண்ணே, பழைய வழியையே வெட்டிருங்கண்ணே. நன்றுன்னு எழுதிட்டா பஸ்ஸு வந்துரும்."

"தூணு அந்தரத்துல நிக்கிதப்பா."

"அது எத்தனை நாளா நிக்கிதோ! விழுகவா செஞ்சுச்சு?"

"விழுந்தா அம்புட்டுப் பேரும் சேந்துல்ல போவோம்" என்று சொல்லிவிட்டு, சோணைமுத்து இரண்டாம் தூணுக்கே வழி வெட்டினார்.

சோதனை அன்று காலையில் போய்ப் பார்த்தால், மூன்றாம் தூணுக்கு இரண்டு பேர் கைகோத்துப் போகிற அகலத்தில் புது வழி போட்டிருந்தது. வாய்க்கால் தூர்வாரக் கூப்பிட்டால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் வராத ஊர், இதற்கு மட்டும் ஒன்றுகூடியிருந்தது. தூணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். வெட்டிய முள்ளையெல்லாம் சோணைமுத்துவின் வழியில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள்.

புது அதிகாரி வந்தார். சோணைமுத்து கிட்டப் போய், "ஐயா, ரெண்டாந்தூணையும் ஒரு எட்டுப் பாத்துருங்கய்யா" என்று கும்பிட்டார். அதிகாரி முள்ளைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். "நன்று" என்று எழுதினார்.

அந்த வாரமே போர்டு போனது. முதல் பஸ் சாயங்கால பஸ். பாலத்தின் கிழக்குக் கரையில் நிறுத்தி, பஸ்ஸுக்கு மாலை போட்டு, அசோக்குமார் தேங்காயைச் சிதறவிட்டார். உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. சோணைமுத்து போர்டு நட்ட குழியை மூடிக்கொண்டிருந்தார்.

தேங்காய் உடைத்ததும் பவதாரிணி எழுந்தாள். "அண்ணே, நான் எறங்கிக்கிறேன். நடந்து வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பஸ் கிளம்பவில்லை. அசோக்குமார் ஒரு காலைப் படியில் வைத்தவர், எடுத்துவிட்டார். "காலாற நடந்தா நமக்கும் நல்லதுதானே" என்றார். பின் சீட்டில் இருந்த கிழவர் காற்று வாங்க இறங்கினார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் எதுவும் சொல்லாமல் இறங்கினாள். அப்புறம் ஒவ்வொருவராக, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், எல்லோரும் இறங்கிப் பாலத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். டிக்கெட் மிஷினைப் பிடித்தபடி கண்டக்டரும் போய்விட்டார்.

டிரைவர் காளை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, எல்லாரும் எறங்கிட்டாக. நான் எப்படிண்ணே எறங்குறது?"

சோணைமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டார். இருபத்திரண்டு வருட வழிகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

"மெதுவா எடு மாப்ள" என்றார். "ரெண்டாந்தூணு வரும்போது நான் சொல்றேன்."