குட்டிப் பென்சில்களும் டிராஃப்ட் பட்டியலும்

என் கணவருக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிக்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. அதைப் பற்றி அவருக்குத் திடீரென்று இவ்வளவு தெரிய ஆரம்பித்ததில்தான் சந்தேகம் வந்தது.

எண்பதுகளின் நடுவில், எண்ணெய் விலை விழுந்து ஹூஸ்டனே துவண்டு கிடந்த சமயம். நாங்கள் சுகர் லேண்டில் இருந்தோம். அவர் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் என்ஜினியர். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வந்தால்தான் உண்டு. அந்த கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தது அவருடைய கம்பெனிதான். அந்த வேலை இருக்கும்வரைதான் அந்த மனுவுக்கு உயிர். வேலை போனால் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஆண்கள் கூடுவார்கள். கேபிள் டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆட்ட சீசன் முடிந்த பிறகும் கூட்டம் நிற்கவில்லை, காரணம் டிராஃப்ட். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொரு டீமும் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. போன வருஷம் அதிகம் தோற்ற டீமுக்கு முதலில் எடுக்கும் உரிமை. எங்கள் ஊர் டீம் தோற்பதில் யாருக்கும் சளைத்ததில்லை என்பதால் நல்ல இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்தில் யாரை எடுப்பது என்று பிப்ரவரியிலிருந்தே இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டீம் முதலாளி வந்து கேட்டுவிட்டுப் போகப் போகிறார் என்பது போல.

கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான். என்ன உயரம், என்ன எடை, அப்பா என்ன செய்கிறார், டிகிரி முடித்தானா, முட்டியில் பழைய அடி ஏதாவது உண்டா. கூட்டத்தில் மூத்தவர் ஒரு டாக்டர் அங்கிள். எந்தப் பையனைச் சொன்னாலும் அவன் என்ன சப்ஜெக்ட் படித்தான் என்பார். உடற்பயிற்சிக் கல்வி என்று பதில் வந்தால் முகம் சுளித்து அவனைத் தள்ளிவிடுவார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவனுக்கு மாப்பிள்ளைக்கு வேண்டிய தகுதி எல்லாம் வேண்டும் அவருக்கு.

முக்கியமான சண்டை என் கணவருக்கும் நாகர்கோவில்காரத் தம்பிக்கும்தான். அவரும் என்ஜினியர், வேறு கம்பெனி. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவர் என் கணவரை அண்ணே என்பார், என்னை அக்கா. பந்தோடு ஓடுகிறவனை எடுக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. முன்வரிசையில் நின்று எதிராளியைத் தாங்கித் தடுக்கிறவனை எடுக்க வேண்டும் என்பது என் கணவர் கட்சி. முன்னால் நிற்கிறவன் ஒழுங்காக நின்றால்தான் பின்னால் இருக்கிறவன் எதையும் செய்ய முடியும் என்று ஒரே வசனத்தை வாராவாரம் சொன்னார்.

நான் போண்டா தட்டோடு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். காது மட்டும் அங்கேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் நெப்ராஸ்காவில் படிக்கும் ஒரு பையனைப் பற்றிப் பேசினார். பயிற்சியில் அவன் கணுக்கால் பிசகியது, கோச் அதை மறைத்தது, உள்ளூர் நிருபர் கண்டுபிடித்து எழுதியது. அடுத்த வாரம் ஓக்லஹோமா, அதற்கடுத்த வாரம் பென்சில்வேனியா. எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஹூஸ்டன் பேப்பர். அதை அவருக்கு முன்னால் நான் படித்துவிடுவேன். நெப்ராஸ்கா பேப்பர் எந்த வழியாக இந்த வீட்டுக்குள் வந்தது?

கேட்டேன். ஆபீசில் ஒருத்தன் கொண்டுவருகிறான் என்றார். பதில் யோசிக்காமல் வந்தது. யோசிக்காமல் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

அதற்குப் பிறகு என் கண் சும்மா இருக்கவில்லை. பட்டியலை எழுதி வைக்க அவர் ஒரு மஞ்சள் நோட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு, முன்பக்கங்களை மட்டும் புரட்டுவார். டாக்டர் அங்கிள் ஒருமுறை அதைக் கையில் வாங்கப் போனபோது, நானே படிக்கிறேன் அங்கிள் என்று இழுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கொஞ்சம் தாராளமாக வை என்று பிப்ரவரியில் ஆரம்பித்தார். வயிறு பெருக்கவில்லை, கன்னம்தான் ஒட்டியது. யாருக்கு ஊட்டுகிறார்?

அப்புறம் அந்தப் பென்சில்கள். துவைக்கப் போடும் சட்டைப் பையில் குட்டிக் குட்டியாய், சுண்டுவிரல் நீளத்தில், ரப்பர் இல்லாத பச்சைப் பென்சில்கள். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. நாங்கள் ஒருமுறை விளையாட்டாகக் கோல்ஃப் ஆடப் போன இடத்தில் இப்படித்தான் கொடுத்தார்கள். ஆபீஸ் நேரத்தில் கோல்ஃபா? பந்தயம் கட்டுகிற இடத்திலும் இப்படித்தான் கொடுப்பார்கள் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். இத்தனை கல்லூரிப் பையன்களின் எடையும் உயரமும் ஒரு மனிதனுக்கு எதற்கு, சூதாடாவிட்டால்? தயிர்சாதம் எந்த மகராசிக்கு என்று இன்னொரு பக்கம் அரித்தது. அந்த வாரம் முழுக்க அவர் கேட்ட எதற்கும் நான் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அதுவே இன்னும் ஆத்திரமாக இருந்தது.

புதன்கிழமை தையல் புத்தகம் ஒன்றைத் தேடி எங்கள் பேட்டை லைப்ரரிக்குப் போனேன். புத்தகப் பட்டியல் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகளின் மேல், துண்டுக் காகிதங்களின் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறைய அதே குட்டிப் பென்சில்கள். சட்டைப் பையில் கிடைத்ததைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே பச்சை.

அங்கே வெளியூர் பேப்பர் உண்டா என்று கேட்டேன். டவுன்டவுனில் இருக்கும் பெரிய லைப்ரரிக்குத்தான் எல்லா ஊர் பேப்பரும் வரும் என்றாள் அங்கே இருந்த பெண். அதுவரை நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டியதில்லை. கடைக்கும் கோயிலுக்கும் உள் ரோட்டிலேயே சுற்றிச் சுற்றிப் போகிறவள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஃப்ரீவேயில் ஏறினேன். பயம் தெரியவில்லை. கோபத்தில் இருந்தேன்.

பேப்பர் படிக்கிற பகுதிக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே நீள மேஜை. என் கணவர் நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் டையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், அவரும் டை கட்டி, நாகர்கோவில் தம்பி. இருவருக்கும் முன்னால் மரக்கோலில் கோத்த பேப்பர்கள். என் கணவர் குட்டிப் பென்சிலால் மஞ்சள் நோட்டின் பின்பக்கத்தில் எதையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் விளையாட்டுப் பக்கம் இல்லை. பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக, வேலை விளம்பரம்.

வெளியே ஒரு தூணுக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அந்தப் பக்கத்தை முடித்ததும் பேப்பரைத் திருப்பி விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். தம்பியின் தோளைத் தட்டி எதையோ காட்டினார். நோட்டை முன்பக்கம் புரட்டி எழுதிக்கொண்டார். நெப்ராஸ்கா பையனின் கணுக்கால் எங்கள் வீட்டுக்கு வந்த வழி தெரிந்தது. பிறகு இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தைப் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள். தம்பியின் மனைவிக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்துவிடுவாள், அவருக்குச் சாப்பாடு கட்ட ஆள் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, ஓடிப்போய் அந்த டப்பாவைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. என்னை என்ன மடைச்சி என்று நினைத்தார்?

எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வேலை போனால் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்தது கிடைத்த பிறகு, கம்பெனி மாறிவிட்டேன் என்று ஸ்வீட்டோடு வருவார்கள். நடுவில் இருந்த மாதங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயும் அந்த வழக்கம் செல்லும் என்று மட்டும் தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறார் பார்க்கலாம் என்றிருந்தேன். அந்தச் சனிக்கிழமை டாக்டர் அங்கிள், ஆபீஸில் லே ஆஃப் என்கிறார்களே, உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டார். எங்கள் குரூப்புக்கு மூச்சுவிட நேரமில்லை அங்கிள் என்றார் என் கணவர். எங்களுக்கும்தான் என்றார் தம்பி. அடுத்த நிமிஷம் இருவரும் ஓடுகிறவனா தாங்குகிறவனா என்று சத்தமாக ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கட்டில் தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டவர்கள், இங்கே பரம விரோதிகள் போல. அந்தச் சத்தம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. யாரும் வேறு எதையும் கேட்கக் கூடாது என்பதற்கு. போண்டாவில் அன்று உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

டிராஃப்ட் அந்தக் காலத்தில் செவ்வாய்க்கிழமை நடக்கும். எங்கள் நேரத்துக்குக் காலை ஏழு மணிக்கே கேபிளில் தொடங்கிவிடும். மூன்று மாதமாக இதற்காகவே மூச்சுவிட்ட மனிதர் அன்று காலை குளித்து, டை கட்டி, டப்பாவுக்காக நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"டிராஃப்ட் பார்க்கலையா?" என்றேன்.

"மீட்டிங் இருக்கு. சாயங்காலம் நியூஸ்ல பார்த்துக்கறேன்."

டப்பாவைக் கொடுக்கவில்லை. குட்டிப் பென்சில்கள் ஏழையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"லைப்ரரில டிவி கிடையாதுங்க. இங்கயே உட்கார்ந்து பாருங்க. தம்பியையும் வரச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும்தான் சமைச்சிருக்கேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கிரீன் கார்டு போய்விட்டால் நீ என்ன ஆவாய் என்று பயந்துதான் என்று ஏதோ சொன்னார். எனக்காகத்தான் என்றால் என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் டையைக் கழற்றினார்.

தம்பி வந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவிக்குத் தெரியாது அக்கா என்று மட்டும் முணுமுணுத்தார். டிவியில் ஒருவர் மேடையேறிக் காகிதத்தைப் பிரித்துப் பேர் படித்தார், கீழே கூட்டம் கூச்சல் போட்டது. எங்கள் டீமின் முறை வர இன்னும் ஓரிடம் என்றபோது சமையலறைச் சுவரில் போன் அடித்தது.

தம்பியின் மனைவிதான். டியூட்டி முடிந்து வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, மருத்துவமனை பார்க்கிங்கில் நிற்கிறாள்.

"அவங்க ஆபீசுக்கு போன் பண்ணேன் அக்கா. அப்படி ஒருத்தர் இங்க இல்லை, பிப்ரவரிலயே போயிட்டாருங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க சாருக்கு ஏதாச்சும் தெரியுமா?"

ஹாலில் இருவருக்கும் அவள் குரல் கேட்டிருக்க வேண்டும். தம்பி எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் என்றார். பொய் என் நாக்கில் ரெடியாக இருந்தது. ஆபரேட்டர் புதுசாக இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன், நீ டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போ. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே திக்கென்றது. என் கணவருக்கும் முதல் நாள் இப்படித்தான் வந்திருக்கும். லைப்ரரியின் கண்ணாடிச் சுவரும் நான் நின்ற தூணும் ஞாபகம் வந்தன. இவளும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டுமா?

"இங்கதான் இருக்கார். ஒரு நிமிஷம் இரும்மா," என்றேன்.

சுருள் ஒயர் ஹால்வரைக்கும் நீண்டது. ரிசீவரைத் தம்பியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "எங்க நிக்கிற? வெயில்லயா?" என்றார். என் கணவர் எழுந்து டிவியை அணைத்தார். எங்கள் டீமின் முறை அப்போதுதான் வந்திருந்தது. மூவரும் கிளம்பிப் போய் அவளைக் கூட்டி வந்தோம்.

யாரை எடுத்தார்கள் என்று மறுநாள் பேப்பரில்தான் பார்த்தோம். ஓடுகிறவனும் இல்லை, தாங்குகிறவனும் இல்லை. என் கணவர் மஞ்சள் நோட்டை எடுத்து, பின்பக்கம் தெரியும்படி என் முன்னால் வைத்தார். நாலு பக்கத்துக்குக் கம்பெனிப் பேர்கள், ஏறக்குறைய எல்லாம் கோடு போட்டு அடித்திருந்தது. அடிக்காதது எத்தனை என்று கேட்டேன். நியூ ஜெர்சியில் ஒன்று, இன்னும் பதில் வரவில்லை என்றார். இருந்த பென்சில்களில் கூரானதாக ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லத்தான் நினைத்தேன். கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

"நீங்களே எழுதுங்க," என்றேன். "ஆனா இங்க உட்கார்ந்து எழுதுங்க."